எங்கே கசிகிறது

ஜூன் 3, செவ்வாய்
படுத்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை. பாப்பாவின் பென்சில். படுத்திருந்தால் சரியாக இருக்கிறேன். உட்கார்ந்தால் பிடரி கீழே இழுக்கிறது, காதில் இரைச்சல். மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தது. மூளை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறதாம். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் உறை தடித்து வெள்ளையாகத் தெரிகிறது. முதுகுத்தண்டில்தான் மூளைத் தண்டுவட நீர் கசிகிறது என்கிறார் டாக்டர். எங்கே?

ஜூன் 5
முதுகு எம்.ஆர்.ஐ., கழுத்து முதல் இடுப்பு வரை. தண்டுவட உறைக்கு வெளியே நீர் தேங்கவில்லை. அம்மா "அப்பாடா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. தேங்கியிருந்தால் உறை கிழிந்திருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்.

ஜூன் 6
நீர் எங்கும் தேங்காமல் நேராக ஒரு சிரைக்குள் போகலாமாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். 2014இல்தான் லாஸ் ஏஞ்சலிஸில் ஷீவிங்க் என்ற டாக்டரின் குழு இதைப் பற்றி எழுதியது. அதற்கு முன்னால் படுத்துக் கிடந்தவர்களை நினைத்தேன். என்னிடமே "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பினார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நல்ல பசி. நாலு இட்லி.

ஜூன் 9, திங்கள்
மயலோகிராம். இடுப்பில் ஊசி போட்டுச் சாயமருந்து. வலப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள், இடுப்புக்கு அடியில் மெத்தை. மருந்து மார்புப் பக்கம் ஓடும்போதே சி.டி. மூச்சை இழு, நிறுத்து. கால் வரை வெதுவெதுப்பு. மருந்து கனம், படுத்த பக்கத்திலேயே தங்கும். அதனால் இடப்பக்கத்துக்கு இன்னொரு நாள்.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.
இரவு உட்கார்ந்து பார்த்தேன். அதே இழுப்பு.

ஜூன் 10
எழுதத் தோன்றவில்லை. பாப்பா பக்கத்தில் படுத்து ஹோம்ஒர்க் செய்தாள். "எப்பம்மா உக்காருவ?"
இடப்பக்கமும் ஒன்றுமில்லை என்றால்?

ஜூன் 12, வியாழன்
இடப்பக்கம். அதே ஊசி, அதே மெத்தை. மூச்சை இழு, நிறுத்து. ரொம்ப நேரம் நிறுத்தினேன், அவர்கள் சொன்னதைவிட அதிகமாக.
சாயந்திரம் டாக்டரே வந்தார். மார்பு முதுகெலும்பு டி-9, இடது. நரம்பு வேரை ஒட்டி, நூல் மாதிரி வெள்ளைக் கோடு. சாயம் சிரைக்குள் போயிருக்கிறது. இருக்கிறது. நான் சொன்னது நிஜம்.
சிரை வழியாக உள்ளே போய் அடைக்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன். எது என்று திங்கட்கிழமை சொல்வார்கள். பயமாக இருக்கிறது. அம்மா அழுதாள், நான் சிரித்தேன். பிறகு உட்கார்ந்தேன், வலித்தது.
நாளைக்கு அந்தப் படத்தின் காப்பி கேட்க வேண்டும். இன்சூரன்ஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.