மெஷின் ஓடுவதற்கு முன்னும் ஓடிய பின்னும்

சிஎன்சி மர வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒரு பலகையைக் கையில் கொடுப்பேன். வைரம் எது, வெள்ளை எது, ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்வேன். நிரலை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் மெஷின் செதுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மொத்த வேலையில் அது நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பது கைவேலை. அந்த இரண்டு முனைகளும் தெரியாதவருக்கு எத்தனை லட்சத்தில் மெஷின் வாங்கிப் போட்டாலும் தொழில் நிற்காது.

இந்தத் தொழிலுக்கு எங்கள் ஊர் நல்ல ஊர். தென்காசியிலிருந்து சற்று மேற்கே போனால் செங்கோட்டை, மரக்கடைகளும் அறுவை மில்களும் நிறைந்த ஊர். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் பக்கத்தோடு இருந்தது. 1904-லேயே மலையைக் குடைந்து புனலூருக்கு ரயில் பாதை வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தச்சும் இந்தப் பக்கத்துத் தச்சும் கலந்த மண் இது. தேக்கு, வேங்கை, அயினி, பலா, மகாகனி, வேம்பு, பூவரசு எல்லாம் இங்கே பழகிய மரங்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தடியும் வருகிறது. கடைக்குப் போனால் கன அடி விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எப்போது அறுத்தது, எங்கே அடுக்கி வைத்திருந்தது என்றும் கேளுங்கள். தேக்கு வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத மரம் பட்டறைக்குள் வரக் கூடாது.

அடுத்தது சாரல். ஜூன் மாதம் குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். மர வேலைக்காரனுக்கு அது கவனமாக இருக்க வேண்டிய காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஈரம் நிற்கும். கோடையில் 10 சதவீதத்துக்கு அருகே இருந்த மரத்தின் ஈரப்பதம், திறந்த பட்டறையில் கிடந்தால் 15-ஐத் தாண்டிவிடும். ரேகைக்குக் குறுக்கே அளந்தால், ஓர் அடி அகலத் தேக்குப் பலகை 4 சதவீதம் ஈரம் ஏறும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலும். கணினித் திரையில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்க்கிற நாம் இந்த 2 மில்லிமீட்டரை மறந்துவிடக் கூடாது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்தாசாரி, ஈரப்பதம் அளக்கும் கருவியைக் கையில் தொட்டதில்லை. பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளுமையாக இருந்தால் ஓரமாக நிறுத்திவிடுவார். வேலை கொடுத்தவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும், "ஏலே, மொதல்ல மரத்தக் காயப்போடு. மிஷினு எங்கயும் ஓடிப் போயிராது" என்பார். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் ஈரமானி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். 12-க்கு மேல் காட்டினால் செதுக்காதீர்கள். பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அவ்வளவு காலம் வைக்க முடியாதவர்கள் சூளையில் உலர்த்திய மரமாகப் பார்த்து வாங்கலாம்.

இந்த விஷயம் தெரியாமல் ஒரு தம்பி பூஜை அறைக் கதவு செய்து எங்களிடம் எடுத்து வந்தான். நடுவில் லட்சுமி, சுற்றிலும் கொடி. செதுக்கு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுப்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டுச் சட்டத்தோடு ஒட்டியிருந்தான். பங்குனி வெயிலில் பலகை சுருங்கியபோது போக வழியில்லாமல் லட்சுமியின் தோளிலிருந்து இடுப்பு வரை வெடித்துவிட்டது. மூத்தாசாரி திட்டவில்லை. சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசை இல்லாமல் உள்ளே இறக்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினார். அதோடு இன்னொரு பாடமும் சொன்னார். கனமான பலகையில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக எடுத்தால் பலகை வளையும். அதனால் ரஃபிங் என்னும் முரட்டு வெட்டு முடிந்ததும் மெஷினிலிருந்து கழற்றி ஓர் இரவு சும்மா வைக்க வேண்டும். மறுநாள் பின்பக்கத்தை மட்டமாக இழைத்துவிட்டுத்தான் ஃபினிஷிங் என்னும் நுணுக்க வெட்டை ஓட்ட வேண்டும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். பொழுதுபோக்காகத் தொடங்குகிறவருக்கு 3018 என்னும் சின்ன மெஷின் போதும். 300-க்கு 180 மில்லிமீட்டர்தான் அதன் பரப்பு. அதில் கதவு செய்ய முடியாது. பெயர்ப்பலகை, சாவி மாட்டி, சின்ன விளக்குத்தட்டு செய்யலாம். ஜி-கோடு என்றால் என்ன, எக்ஸ், ஒய், இசட் எப்படி நகர்கின்றன, உயரத்தின் தொடக்கப் புள்ளியான இசட் ஜீரோவைத் தப்பாக வைத்தால் வெட்டும் பிட் எப்படி உடைகிறது என்பதையெல்லாம் குறைந்த செலவில் கற்கலாம். தொழிலாகச் செய்யப் போகிறவருக்கு 1325 வேண்டும். 1300-க்கு 2500 மில்லிமீட்டர், அதாவது நாலுக்கு எட்டு அடி பிளைவுட் முழுசாகக் கிடக்கும் பெட். 3 கிலோவாட் ஸ்பிண்டில், 24,000 சுற்று, ஈஆர்20 கலெட் இருந்தால் கதவு வேலைக்குத் தாங்கும். வாங்கும்போது, ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் கேன்ட்ரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அந்த அசைவு செதுக்கிய முகத்தில் தெரியும்.

வேகம் பற்றி எல்லோருக்கும் குழப்பம் உண்டு. கணக்கு எளிது. நிமிடத்துக்கு ஓடும் மில்லிமீட்டரைச் சுற்றுகளாலும் பிட்டின் வெட்டு முனைகளாலும் வகுத்தால், ஒவ்வொரு முனையும் ஒரு கடியில் எடுக்கும் அளவு கிடைக்கும். 18,000 சுற்றில் இரண்டு முனைப் பிட் 3,600 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு கடி 0.1 மில்லிமீட்டர். இது குறைந்தால் பிட் வெட்டாமல் உரசும், சூடேறும், மரம் கருகும். மரம் துருவலாக விழ வேண்டும். மாவாக விழுந்தால் சுற்றைக் குறையுங்கள், இல்லை வேகத்தைக் கூட்டுங்கள். காதையும் பழக்குங்கள். நன்றாக வெட்டும் பிட்டின் சத்தம் சீராக இருக்கும். கீச்சென்று ஏறினால் முனை மழுங்கிவிட்டது. தேக்கில் இயற்கையிலேயே சிலிகா உண்டு, அது முனையைத் தின்றுவிடும். வேம்பில் நாள்பட ஓடும் பிட்டை அதே கணக்கில் தேக்கில் ஓட்டக் கூடாது.

சிற்ப வேலைக்கு முனை உருண்டு கூம்பிய பிட்டைப் போடுவோம். அது ஒரு கோடு ஓடி, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அடுத்த கோடு ஓடும். அந்த நகர்வுக்குப் பெயர் ஸ்டெப் ஓவர். ஓர் அடிச் சதுரத்துக்கு, அதாவது 300-க்கு 300 மில்லிமீட்டருக்கு, 0.25 மில்லிமீட்டர் நகர்வு வைத்தால் 1,200 கோடுகள். பிட் மொத்தம் 360 மீட்டர் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். நகர்வை 0.5 ஆக்கினால் ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் வரிகள் தெரியும், அதைத் தேய்க்க உப்புத்தாளோடு உட்கார வேண்டும். முகத்துக்கு நெருக்கமாகவும் பின்புலத்துக்கு அகலமாகவும் பிரித்து ஓட்டுவதுதான் எங்கள் வழக்கம். கூலி சொல்லும்போது இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

பெட்டின் மேல் போடும் ஸ்பாயில் போர்டு பெரும்பாலும் எம்டிஎஃப். சாரலில் அதுவும் ஊதும். காலையில் இசட் ஜீரோ எடுத்துவிட்டோம் என்று மாலை வரை நம்பியிருக்க முடியாது. சீசனில் அடிக்கடி அகலப் பிட்டைப் போட்டு அதன் மேல்பரப்பைச் சீவி மட்டமாக்குங்கள். காற்றடிக்கும் நாளில் மின்சாரமும் போகும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உங்கள் கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று வாங்கும்போதே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எர்த் சரியாக இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

பெயர்ப்பலகை வேலையில் தமிழ் எழுத்துக்குத் தனிப் பழக்கம் வேண்டும். எழுத்தைத் தனியாக வெட்டி எடுத்தால் புள்ளி தனியாக விழுந்துவிடும். 'ஃ' மூன்று துண்டாகிவிடும். அதனால் அடியில் ஒரு பலகை கொடுத்து அதில் ஒட்ட வேண்டும், அல்லது எழுத்தைப் பள்ளமாகச் செதுக்க வேண்டும். சுழிகளுக்குள் பிட்டின் கனம் நுழைகிறதா என்று திரையிலேயே பாருங்கள். நுழையாத இடத்தில் 'ண'வின் சுழி அடைத்துப்போய் வேறு எழுத்தாகத் தெரியும். வி பிட்டில் கோணம் முக்கியம். 10 மில்லிமீட்டர் அகலக் கோட்டுக்கு 90 பாகைப் பிட் 5 மில்லிமீட்டர் ஆழம் போகும், 60 பாகைப் பிட் 8 மில்லிமீட்டருக்கு மேல் போகும். மெல்லிய பலகை என்றால் இரண்டாவது பிட் பலகையின் அடியைத் துளைத்துவிடலாம்.

சிற்பம் கற்க விரும்புகிறவர்களை நான் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகச் சொல்வேன். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். முன் மண்டபத்தில் வீரபத்திரர், ரதி, மன்மதன், தாண்டவ மூர்த்தி எல்லாம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறார்கள். நேராக நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். கை உடலை விட்டு விலகி நிற்கும். நகைக்குப் பின்னால் இருட்டு இருக்கும். மூன்று அச்சு மெஷின் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். ஆரத்துக்குப் பின்னால் உள்ள இருட்டை அதனால் தொட முடியாது. உருண்ட முனைப் பிட்டுக்குக் கூர்மையான உள்மூலையும் எட்டாது. இந்த இரண்டு இடங்களிலும் உளிதான் போக வேண்டும்.

மூத்தாசாரி செய்ததும் அதைத்தான். மெஷினிலிருந்து இறங்கிய பலகையை ஜன்னலருகே சாய்த்து வைப்பார். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும். எண்ணெய்க்கல்லில் உளியைத் தீட்டி, கொட்டாப்புளியை எடுக்காமல் உள்ளங்கையாலேயே தள்ளுவார். மூக்கின் மடிப்பு, உதட்டோரம், விரல்களின் இடைவெளி என்று போய், கண்ணைக் கடைசியாகத் திறப்பார். ஒரே நிரலில் செதுக்கிய இரண்டு லட்சுமிகள் அவர் கையிலிருந்து இரண்டு முகத்தோடு வெளியே போகும். டிசைன் ஃபைல் இன்று யாருக்கும் காசு கொடுத்தால் கிடைக்கும், அதனால் தெருவுக்குத் தெரு ஒரே கதவு. உங்கள் கதவு தனியாகத் தெரிய வேண்டுமானால் இந்தக் கடைசி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது இப்படிப்பட்ட கைவேலைதான்.

பாலிஷுக்கு முன் உப்புத்தாளை 120, 180, 240 என்று வரிசையாக, ரேகையோடு ஓட்டுங்கள். சாரல் நாளில் மெருகு போட்டால் படலம் பால்போல வெளுத்துவிடும், வெயில் வரட்டும். தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் தூசியில் பசையும் சேர்ந்திருக்கிறது. தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை.

வருமானம் என்று பார்த்தால், தொடக்கத்தில் ஜாலி வெட்டும் கூலி வேலை மாத வாடகையைக் கொடுக்கும். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சின்னப் பொருள் விற்கும். கதவு வேலை பெயர் சம்பாதித்த பிறகு தானாக வரும். முதல் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத் தொழிலுக்குப் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும் சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் மெஷினுக்கு மட்டும் கடன் கணக்குப் போடாதீர்கள். மரம் காய்கிற மாதங்களுக்கும் பணம் வேண்டும்.

கற்க நினைக்கிறவர்கள் இந்த வரிசையில் தொடங்குங்கள். வேப்பம்பலகை ஒன்று வாங்கி நிழலில் காயப்போடுங்கள். அது காய்வதற்குள் உளி தீட்டப் பழகுங்கள். காகிதத்தில் கொடியும் இலையும் வரையுங்கள். அறிந்த ஆசாரி ஒருவரின் பட்டறையில் தூசி பெருக்கியாவது பக்கத்தில் நில்லுங்கள். பலகை காய்ந்ததும் கையாலேயே ஓர் இலை செதுக்கிப் பாருங்கள். அந்த இலையில் ரேகை எங்கே கிழித்தது, எங்கே வழிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு மெஷின் வாங்கப் போங்கள். எந்த மெஷின் என்று அப்போது நீங்களே முடிவு செய்வீர்கள்.