கால் மரத்துப் போகும் முன்னே



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்தில் மரம் ஏறுகிற ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். வாசித்துவிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வெயிலைக் காண்பது அரிது. இருக்கிற வெளிச்சமாவது தேயிலைக்குக் கிடைக்கட்டும் என்றுதான் மழைக்கு முன்னரே நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி இறக்குகிறார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் கிரவேலியா, சிங்களத்தில் சபுக்கு என்பார்களே அந்த மரம்தான். அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தது. நேராக வளரும், ஆனால் கிளை சட்டென்று முறியும். பட்டையில் பாசி வேறு. இந்த மரத்தில்தான் நம்மட ஆட்கள் காலையில் ஏறி, மத்தியானம் வரைக்கும் கத்தியும் கயிறுமாக நிற்கிறார்கள்.

மரத்தில் இருந்து விழுந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். விழாமல் நிற்கிறவரின் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் இன்றைக்கு அந்தக் காலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விஞ்ஞான வகுப்பில் அமுக்கம் பாடம் நடந்தது. விசையைப் பரப்பளவால் பிரித்தால் அமுக்கம். கூரான ஆணி ஏன் இலகுவாக இறங்குகிறது, லொறிக்கு ஏன் அகலமான டயர் என்று வழக்கமான உதாரணங்களைச் சொல்லிக்கொண்டு போனேன். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, "சேர், எங்கப்பா மரத்துல கயித்த முடிச்சுப் போட்டு, அதுல கால வச்சித்தான் நிப்பாரு. கயித்துக்குப் பரப்பளவு கம்மிதானே? அப்ப காலுக்கு அமுக்கம் கூடவா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் செய்தோம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் பாரம் ஏறக்குறைய 600 நியூற்றன். தரையில் ஒற்றைக் காலில் நின்றால் உள்ளங்கால் சுமார் 150 சதுர சென்ரிமீற்றர் படும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4 நியூற்றன். கயிற்றில் நின்றால்? கயிறு படுகிற அகலம் 1.5 சென்ரிமீற்றர், பாதத்தின் குறுக்களவு 8 சென்ரிமீற்றர். மொத்தம் 12 சதுர சென்ரிமீற்றர்தான். அப்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 50 நியூற்றன். பன்னிரண்டு மடங்குக்கு மேல்! பையன் விடையைக் கொப்பியில் எழுதிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

தவணை அறிக்கை வாங்க அவனுடைய தகப்பன் வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. "பரவாயில்ல சேர்" என்று கதவருகிலேயே நின்றார். மகன் சொன்னதைச் சொல்லிக் காலைக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலின் குறுக்கே, அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு கறுத்த கோடு. இரண்டு காலிலும். அந்த இடத்தை விரலால் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றார்.

"கால் மரத்துப் போனா கீழ எறங்கணும் சேர். ஆனா எறங்கி ஏறினா மரக் கணக்கு கொறஞ்சி போகும். கொந்தராத்துல மரத்துக்குத்தானே காசு."

மரத்தில் நிற்கிறவருக்குக் கால் மரத்துப் போகிறது. நம் பாஷையிலேயே அந்தச் சொல் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். மரத்துப்போன கால் எங்கே நிற்கிறது என்று அந்த மனிதருக்கே தெரியாது. கிளையில் அரை அங்குலம் வழுக்கியிருந்தாலும் தெரியாது. விழுகை கையில் இருந்து தொடங்குவதில்லை, பெரும்பாலும் இந்தக் காலில் இருந்துதான் தொடங்குகிறது. குளவி கலைந்தால் இன்னும் மோசம். தரையில் நிற்பவர் ஓடலாம். மேலே உணர்ச்சியில்லாத காலோடு நிற்பவர் எங்கே ஓடுவார்?

அதன்பிறகு மரம் ஏறுகிற ஆட்கள் காலை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்கத் தொடங்கினேன்.

முதலில் நமக்குப் பக்கத்தில் இருந்தே தொடங்குகிறேன். கினிகத்தேனையில் இருந்து கித்துல்கல பக்கம் இறங்கினால் கித்துள் மரங்கள் நிற்கும். வழுவழுப்பான, கிளையில்லாத மரம். காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். அதனால் அவர்கள் மரத்தோடு மூங்கிலை நிறுத்திக் கட்டி, படி வைத்து, ஏணி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். காலுக்கு முதலில் இடம், பிறகுதான் பாணி. 1660இல் கண்டி இராச்சியத்தில் பிடிபட்டு 1679 வரைக்கும் மலைநாட்டில் இருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இந்தக் கித்துள் மரத்தையும் அதன் இனிப்பு நீரையும் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய தொழில். பெருநாளைக்கு நம்மட வீடுகளில் வட்டிலாப்பம் செய்கிறோமே, அந்தக் கருப்பட்டி யாரோ ஒருவரின் காலை நம்பித்தான் நம் சட்டிக்கு வருகிறது.

களுத்துறைப் பக்கம் தென்னையில் கள் இறக்குகிறவர்கள் மரத்தில் பொச்சு மட்டைகளைப் படிபோலக் கட்டுகிறார்கள். மேலே மரத்துக்கு மரம் இரண்டு கயிறு. கீழ்க் கயிற்றில் கால், மேல் கயிற்றில் கை. அந்தக் கயிற்றில் அவர்கள் நடக்கிறார்கள், ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பதில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். (கள்ளோடு எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஏறுகிறவரின் அறிவு மட்டும் போதும்.)

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த யாழ்ப்பாண நண்பர் ஒருவர் தளநாரைப் பற்றிச் சொன்னார். பனையேறுகிறவர் இரண்டு பாதங்களையும் ஒரு நார் வளையத்துக்குள் போட்டுக்கொள்வார். வளையம் இறுகும்போது இரண்டு உள்ளங்கால்களும் மரத்தை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். பாரத்தை மரமும் பாதமும் பகிர்ந்துகொள்ளும். அருமையான யோசனை. ஆனால் கிளை விட்ட கிரவேலியாவில் அது நடக்காது.

இந்தியாவில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்பவர் தென்னை ஏறும் கருவி ஒன்றைச் செய்தார். மரத்தைச் சுற்றிக் கம்பி வளையம், காலுக்கு மிதி. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தால் மேலே போகலாம், பாதம் முழுக்க மிதியில் படும். 2011இல் அங்கே தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்களுக்கு மரம் ஏறும் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது, பெண்களும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கருவியும் கிளையில்லாத மரத்துக்குத்தான். ஆனாலும் பாதம் முழுக்கப் பட வேண்டும் என்ற பாடம் எல்லா மரத்துக்கும் பொருந்தும்.

கடைசியாகக் கிடைத்தது நான் எதிர்பாராத இடத்தில் இருந்து. கட்டாரில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு காணொளி அனுப்பினான். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் தொட்டில் மாதிரி ஒரு பட்டையைக் கட்டி, அதை மரத்தோடு கயிற்றால் பிணைத்து, சாய்ந்தபடி மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். குதிரைச் சேணத்தின் பெயரையே அந்தப் பட்டைக்கும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவர்களின் வேட்டை வேண்டாம். நம் நாட்டில் வன சீவராசிகளைக் காக்க 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது இருக்கட்டும். ஆனால் மரத்தில் அசையாமல் நிற்பதைப் பற்றி அவர்கள் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அவர்களுக்கும் பெரிய தலைவலி கால்தான்! ஒடுக்கமான படியில் நின்றால் விளிம்பு உள்ளங்காலை வெட்டுகிறது. அதனால் பலர் சின்னப் பலகைக்கு மாறிவிட்டார்கள். வளையாத அடியுள்ள சப்பாத்துப் போடுகிறார்கள். மரத்தில் முட்டுக்கொடுக்க முழங்காலுக்கு மெத்தை கட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் பட்டையில் உட்கார்ந்து, பாரத்தைக் காலுக்கும் இடுப்புக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பாதுகாப்புப் பட்டி கொடுத்தால் போதாதா, காலுக்கு என்னத்துக்குப் பலகை" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. பட்டியில் கால் தொங்க அசையாமல் கிடந்தால் இரத்தம் கால்களிலேயே தங்கிவிடும். கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் பட்டியில் தொங்கும் நிலை வந்தால் கால் வைத்து எழும்புவதற்கு ஒரு கயிற்று வளையம் வேண்டும் என்கிறார்கள். பட்டி விழாமல் தடுக்கும். மேலே உயிரோடும் தெளிவோடும் வைத்திருப்பது கால்.

இவ்வளவையும் கேட்டபிறகு, டவுனில் ஒட்டு வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். அந்தத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனேன், ஏனென்றால் நிற்கப்போவது அவர். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பலகை செய்தோம். ஒரு அடி அகலம், முக்கால் அடி நீளம். மரத்தில் படும் பக்கம் இரண்டு பல், சறுக்காமல் இருக்க. மேலே பழைய டயர் றப்பர். விளிம்பெல்லாம் உருட்டியது. லொறியில் சாமான் கட்டும் இறுக்குப் பட்டியால் மரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

முதலாவது பலகை இரும்பு. தூக்கிக்கொண்டு ஏறவே ஏலாது என்று அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டாவதை அலுமினியத்தில் செய்தோம். பாரம் ஏறியதும் வெளிப்பக்கம் சரிந்தது. கீழே ஒரு முட்டுக் கம்பி வைத்ததும் நின்றது. சப்பாத்து வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம் சேர், வெறுங்கால்தான் பாசியில பிடிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. கம்பூட்ஸ் பாசியில் வழுக்கும், கன்வஸ் சப்பாத்தின் அடி கயிற்றில் வளைந்துவிடும். பலகை இருந்தால் வெறுங்காலே போதும். தடித்த சப்பாத்தின் வேலையைப் பலகை செய்துவிடுகிறது.

ஒரு மாதம் பாவித்தார். பலகையைக் கட்ட நேரம் போகிறது, ஆனால் இடையில் கீழே இறங்கத் தேவையில்லாததால் மரக் கணக்குக் குறையவில்லை என்றார். உள்ளங்காலில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, ஆனால் விரல் வைத்தால் இப்போது தெரிகிறதாம். பையன் அதை வகுப்பில் வந்து சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலகையை நாம் செய்யலாம். இடுப்புப் பட்டியையும் உயிர்க் கயிற்றையும் வீட்டில் செய்யாதீர்கள். தரம் பொறித்ததைக் கடையில்தான் வாங்க வேண்டும், தையல் பிரிந்தால் வீச வேண்டும். கட்டுப்பட்டி இல்லாமல் பலகையில் மட்டும் நம்பி நிற்கவும் கூடாது. ஊசி பதித்த இரும்புக் கால் வளையங்களும் விற்பனைக்கு உண்டு. அது உயிருள்ள மரத்தைக் குத்திக் காயப்படுத்தும், வெட்டி விழுத்தப்போகும் மரத்துக்கு மட்டும்தான் சரி.

இதெல்லாம் யார் கொடுக்க வேண்டியது என்று கேட்பீர்கள். வேலை கொடுக்கிறவர் கொடுக்க வேண்டியது. வேலையில் காயம்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கொந்தராத்து என்று வந்துவிட்டால் தோட்டம் கொந்தராத்துக்காரரைக் காட்டும், கொந்தராத்துக்காரர் தோட்டத்தைக் காட்டுவார். அந்த வழக்கு முடியும் வரைக்கும் இந்த வருஷத்து மழை காத்துக்கொண்டிருக்காது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தகப்பன்மாரில் மட்டும் மரம் ஏறுகிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பலகை இருக்கிறது, ஆறு பேருக்கு இல்லை. கோயில் கமிட்டியும் பள்ளிவாசல் நிர்வாகமும் டவுன் கடைக்காரர்களும் ஆளுக்கு ஒன்றைப் பொறுப்பெடுத்தால் மழைக்கு முன் முடிந்துவிடும். ஒட்டு வேலைக்குக் கூலி வேண்டாம் என்று என் மாணவன் சொல்லிவிட்டான். அலுமினியமும் பட்டியும் மட்டும்தான் செலவு. பணமாக என்னிடம் தர வேண்டாம், சாமானாக அவனிடம் கொடுங்கள்.

இரண்டாவது, பெரட்டுக்களத்தில் மரம் வெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது தலைவர்மார் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேல போறவரு கால எங்க வைப்பாரு?" பதில் வரும் வரைக்கும் ஆளை ஏற்றாதீர்கள்.

மரம் ஏறுகிற அண்ணன்மார் யாராவது இதை வாசித்தால், நீங்கள் காலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத வசதியில்லை என்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த பலகையை அதற்கேற்ற மாதிரி செய்வோம், இன்ஷா அல்லாஹ்.