ஏலமலையில் ஒரு ஜனதா

விடிந்தும் விடியாத நேரத்தில், கம்பம், கூடலூரிலிருந்து கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. குமுளியைத் தாண்டி அணைக்கரைக்குப் போகும் வழியில், ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது சக்குபள்ளம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கடைப் பலகைகளில் மலையாளம்; ஜீப்பிலிருந்து இறங்குவது தமிழ்.

இங்கே ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என் சித்தப்பா. அவர் விட்டுச்சென்ற எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அவர் மகன் என்னை அழைத்திருந்தான். பழைய கடிகாரங்கள் மீது எனக்குள்ள பைத்தியம் குடும்பத்தில் பிரசித்தம். ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம். டயல் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய தொகையல்ல. ஆனால் மழை ஏமாற்றிய ஆண்டில் அதுவும் பணம்தான்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் தயாரிக்கத் தொடங்கியது எச்.எம்.டி. தினமும் சாவி கொடுக்க வேண்டிய ஜனதா, இரண்டு தலைமுறையின் மணிக்கட்டில் இருந்தது. 2016இல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் பழையவற்றுக்கு மவுசு கூடியது. கூடவே, மங்கிய டயலைச் சுரண்டிப் புதுப்பூச்சு பூசி, ஒரிஜினல் என்று விற்கும் வியாபாரமும். ஆலை ஒருபோதும் தராத நிறங்களில்கூட ஜனதா கிடைக்கிறது.

கண்டுபிடிக்க முதல் கருவி பூதக்கண்ணாடி. ஆலை அச்சில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக, தடிமன் ஒரே சீராக இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடித்து மை கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக வராது. டயலின் ஓரத்திலும் நடுத்துளையிலும் வர்ணம் வழிந்து திரண்டிருக்கும். அடுத்து, வயதுப் பொருத்தம். முட்கள் பழுத்துக் கறுத்திருக்க, டயல் மட்டும் பால்போல் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும். கடைசியாக, அதே மாடலின் நம்பகமான இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

இதையெல்லாம் சொன்னபோது தம்பி சிரித்தான். "நம்ம காய்க்குப் பாக்கிற மாதிரிதான், அண்ணே." ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை. ஸ்டோரில் பதமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிற்கும். வெயிலில் போட்டால் வெளுக்கும். வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஈரத் துணியில் தேய்த்துப் பார்த்தால் சாயம் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தப்பாவின் கடிகாரமும் காட்டிக்கொடுத்தது. தடித்த எழுத்து, விலகிய கோடுகள், நடுத்துளையில் திரண்ட வர்ணம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். தம்பியின் முகம் சுருங்கியது.

அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது: "அது ஒரு மழைக்காலத்துல தண்ணி போயி முகமெல்லாம் கறுத்துப்போச்சு. கம்பத்துல குடுத்து புதுசு பண்ணிட்டு வந்தாரு. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

மணி தெரிய வேண்டும் என்பதற்காகப் பூசிய பூச்சு. சித்தப்பா யாரையும் ஏமாற்றவில்லை. இப்போது மறைத்து விற்றால், அந்தப் பொய் எங்களுடையதாகிவிடும். தம்பி அப்போதே தொலைபேசியில் கூப்பிட்டு, "டயல் பெயின்ட் அடிச்சது, சார்" என்றான். எதிர்முனை பாதி விலை சொன்னது. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான்.

சாயங்காலம் செல்லார்கோவிலுக்குப் போனோம். மலை விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. வேலை முடிந்து ஜீப்புகள் இறங்கியிருக்கும் நேரம். தம்பி மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தான். ஜனதாவைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.