ஒருமுறை பூப்பது

நம் வீட்டு அன்னாசிக்குத் தொலைதூர உறவினம் ஒன்று உண்டு: பேரு, பொலிவியா நாடுகளின் அந்தீசு மலைகளில், 3000 மீற்றருக்கு மேலே வளரும் பூயா ரைமொண்டி. பல பத்தாண்டுகள் காத்திருந்து, 10 மீற்றர் அளவுக்கு உயர்ந்து, ஒரேயொரு முறை பூக்கும். விதை சிந்தியபின் மடியும்.

இதனை வகுப்பிற் கூறியபோது, இடையர் அதற்குத் தீயிடுவதையும் சொன்னேன். “அறிவில்லாத சனங்கள், சேர்” என்றான் ஒரு மாணவன். நானும் தலையசைத்துவிட்டேன். அன்றிரவு அத் தலையசைப்பே என்னை உறுத்தியது. அச்செடியின் இலை விளிம்பெங்கும் கொக்கிபோல் வளைந்த முட்கள். அவற்றிற் சிக்கிய ஆடு மீள்வது அரிது. புதுப்புல் தளிர்க்கவும் அம்மக்கள் மேய்ச்சல் நிலத்தை எரிப்பர். சில ஆடுகளே சொத்தாக உள்ளவனின் கணக்கை நான் மாணவருக்குச் சொல்லவில்லையே!

மறுநாள் என் தவற்றை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். தீ கேடுதான்; பூக்குமுன் கருகிய செடி வித்தின்றி அழிகிறது. பேருவில் 1975-இல் அமைந்த உவாசுக்கரான் தேசியப் பூங்கா அதற்குப் புகலிடம் தந்துள்ளது. ஆயினும் சட்டம் மட்டும் போதுமா? செடியைக் காக்க விழைவோர், இடையனின் ஆட்டுக்கும் வழி காணவேண்டும். ஏழையைப் பகைவனாக்கிக் காக்கும் பசுமை நெடுநாள் நிலைக்காது.