எஞ்சினுக்கு ஆவிக் குளியல்

என் அக்காள் மகனுக்கு ரயில் பைத்தியம். பழைய ரயில் படங்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறான். எந்தப் படத்தைத் தொட்டாலும் எஞ்சின் எந்த வருஷம் செய்தது, எத்தனை சக்கரம், எங்கே ஓடியது என்று மூச்சு விடாமல் சொல்லுவான். "ஓரமா ஒருத்தர் நிக்கிறாரே, அவர் யாருடா?" என்று கேட்டால் மட்டும், "யாரோ வேலையாள், சித்தி" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரயில் பிரியர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தானாம். எஞ்சின் முழுசாக விழ வேண்டும், குறுக்கே ஆள் வரக்கூடாது என்று காத்திருந்து படம் பிடிப்பார்களாம். நாம் கல்யாண வீட்டில் விருந்தைப் படம் எடுத்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வருகிறோமே, அது மாதிரி!

அவன் சேகரிப்பில் ஒரு கட்டுப் படங்கள் மட்டும் வேறு தினுசாக இருந்தன. அமெரிக்காவில் ஐயோவா என்று ஒரு மாநிலம். (பெயரே 'ஐயோ' என்று ஆரம்பிக்கிறது, பாருங்கள்!) அங்கே மிசிசிபி ஆற்றங்கரையில் கிளின்டன் என்று ஓர் ஊர். 1943 ஏப்ரலில் அந்த ஊர் எஞ்சின் ஷெட்டில் ஜாக் டெலானோ என்பவர் எடுத்த படங்கள் அவை. அந்தக் காலத்திலேயே கலர்! கோடாக்ரோம் என்ற பிலிம் 1935-ல்தான் வந்தது. அதில் எடுத்த சிவப்பும் நீலமும் எண்பது வருஷம் தாண்டியும் சாயம் போகாமல் அப்படியே இருக்கின்றன.

டெலானோ 1914-ல் உக்ரைனில் பிறந்தவர். சின்ன வயசில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். யுத்த காலத்தில் அமெரிக்க அரசின் போர்ச் செய்தி இலாகாவுக்காக ரயில்வே வேலைகளைப் படம் எடுத்தார். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ரயிலோ முன்னைவிட அதிகமாக ஓட வேண்டியிருந்தது. கிளின்டனில் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஷெட்டில் எஞ்சின் துடைக்கப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள்.

எஞ்சின் என்றால் ஏதோ சின்ன எஞ்சின் இல்லை. 'எச்' வகுப்பு என்று பெயர். 1929-ல் பால்ட்வின் கம்பெனி செய்தது, மொத்தம் 35. பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சக்கரங்கள், அதில் பெரிய சக்கரம் ஒவ்வொன்றும் ஆறடிக்கு மேல். நம் வீட்டு ஆம்பிளைகள் நின்றால்கூடச் சக்கரம்தான் உயரம். ஒரு படத்தில் அந்த ராட்சசனுக்கு முன்னால் ஓர் அம்மாள் நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு கொதிக்கும் ஆவியைப் பீய்ச்சுகிறார். எஞ்சினுக்கு ஆவிக் குளியல்!

ஏன் ஆவி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் போகுமா? சூடு பட்டு இளகினால்தானே கையோடு வரும்! எஞ்சினிலும் எண்ணெயும் கரியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். ஆவியில் இளக்கி, துணியால் துடைத்து எடுப்பார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. அழுக்குக்கு அடியில் ஒரு விரிசல் இருந்தாலோ, நட்டு தளர்ந்திருந்தாலோ கண்ணுக்குத் தெரியாது. துடைத்த பிறகுதான் மெக்கானிக் வந்து பார்ப்பார்.

இன்னொரு படத்தில் ஓர் அம்மாள் மணல் கொட்டகையில் வேலை செய்கிறார். மணலைச் சலித்துச் சுத்தமாக வைப்பது அவர் பொறுப்பு. ரயிலுக்கு எதற்கு மணல் என்று நான் கேட்டேன். தண்டவாளம் மழையிலும் பனியிலும் ஈரமானால் சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுமாம். அப்போது எஞ்சின் தலையில் வைத்திருக்கும் மணலைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் தூவுவார்களாம். பிடிமானம் கிடைத்து வண்டி நகரும். கட்டியோ கல்லோ இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் சலிப்பு. அரிசி மாவு சலித்த கைக்கு அது புது வேலையா என்ன?

துடைக்கிறது, சலிக்கிறது, கூட்டுகிறது. ரயில்வேயில் சேர்ந்தும் துடைப்பம் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று முதலில் எனக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறதே! இதற்குச் சம்பளம் உண்டு. நேரம் முடிந்தால் 'போதும்' என்று கிளம்பலாம். நம் வீட்டு அடுப்படியில் அந்தச் சங்கு ஊதுவதே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டு வேளைப் படம். பெண்களுக்கென்று இருந்த ஓய்வறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை உடுப்பு மாற்றவில்லை, தலையில் கட்டிய கலர்த் துணியையும் அவிழ்க்கவில்லை. யாருக்கும் பரிமாறாமல், மிச்சம் மீதி வழித்துப் போட்டுக்கொள்ளாமல், மத்தியான வேளையில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சியை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள். அந்தப் படத்தை நான் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பையன் பொறுமை இழந்து, "எஞ்சின் இருக்கிற படத்தைப் பாருங்க சித்தி" என்றான்!

யுத்தப் பிரசார போஸ்டர்களில் வரும் பெண்கள் சிங்காரித்துக்கொண்டு கையை மடக்கிக் காட்டுவார்கள். டெலானோவின் பெண்கள் அப்படியில்லை. நிஜமாகவே அழுக்கு வேலை செய்து களைத்தவர்கள். படத்தின் குறிப்பில் அவர் எஞ்சின் வகுப்பை எழுதியது போலவே அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதினார். 'மூன்று குழந்தைகளின் தாய்' என்று ஒருவரைப் பற்றி இருக்கிறது. ஒருவருடைய கணவர் வெடிமருந்துச் சாலையில் காவலர் என்று இருக்கிறது.

மூன்று குழந்தைகளின் தாய் என்று படித்ததும் நமக்கு என்ன தோன்றும்? அந்த மூன்றுக்கும் மத்தியானம் சோறு போட்டது யார் என்றுதானே! அந்த நாட்டு அரசுக்கும் அது தோன்றியது. 1943-லிருந்து அரசுப் பணத்தில் பல ஊர்களில் பிள்ளைக் காப்பகங்கள் நடந்தன. 1945-ல் போர் முடிந்ததுமே மூடப்போகிறோம் என்றார்கள். தாய்மார்கள் கடிதமும் மனுவுமாக அனுப்பியதில் சில மாதங்கள் நீடித்து, 1946 பிப்ரவரியோடு பணம் நின்றுபோனது. பட்டாளத்து ஆண்கள் திரும்பி வர, ரயில்வேயிலிருந்து பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை தெரியவில்லை என்றா அனுப்பினார்கள்? இல்லையே!

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் டீசல் வந்து நீராவி எஞ்சின்களும் போய்விட்டன. அந்த 35 'எச்' எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் பழைய இரும்புக்குப் போயிற்று. அக்காள் மகனுக்கு அதில் தீராத வருத்தம்.

படங்கள் வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் போனிலேயே எடுத்துக் காட்டுவார்கள். மணல் கொட்டகைப் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.