பெயர் சொல்லி அழைப்போம்



மயிலாப்பூரில் நம் பங்கின் இளைஞர் சிலர் அண்மையில் நம்மிடம் வந்து, "பாதர், 'கல்கி 2898 ஏடி' படத்தைப் பாருங்கள், உங்களோடு அதைப் பற்றிப் பேசவேண்டும்" என்றனர். 2024-ஆம் ஆண்டு வெளிவந்த அத்தெலுங்குப் படத்தைத் தமிழில் கண்டோம். காணும்போதே, பள்ளிப் பருவத்தில் ஆனந்த விகடனில் நாம் ஆவலோடு படித்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நினைவுக்கு வந்தது. அதனையும் தேடியெடுத்து மீண்டும் படித்தோம்.

இரண்டும் வருங்காலக் கற்பனைகளே. ஆயினும் அவை காட்டும் உலகங்கள் வேறு. நாக் அஸ்வின் இயக்கிய படத்தில் உலகம் பாழாகிவிட்டது. கங்கை வறண்டு, காசி கடைசி நகரமாய்ப் புழுதியில் எஞ்சி நிற்கிறது. நாவலிலோ அழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கதை நிகழ்வதாகச் சுஜாதா வைத்த ஆண்டு 2021. அங்கு அனைத்தும் ஒழுங்கு. பெயர் இரண்டெழுத்தில் அமையவேண்டும். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எத்தனை காலம் வாழலாம் என்பதும் அரசின் கணக்கே.

இரண்டு கதைகளின் நடுவிலும் ஒரு தாய்மை நிற்கிறது. நாவலில், நிலா என்பவளுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கும் வேளையில் அவள் கணவன் சிபி காணாமற்போகிறான். படத்தில், கருவுற்ற பெண்ணுக்குப் பெயரே இல்லை. 'சம் 80' என்னும் எண்தான். தப்பிச் சென்ற பின்னரே அவள் 'சுமதி' ஆகிறாள். பெத்லகேமின் பாலகரைக் கொன்ற ஏரோதுவை அறிந்த நமக்கு, குழந்தையைக் கண்டு அஞ்சும் அதிகாரம் புதிதன்று.

"இவ்விரண்டில் எது அதிக அச்சம் தருகிறது?" என்று இளைஞரைக் கேட்டோம். படம்தான் என்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், ஒரு முதல் வெள்ளிக்கிழமை வரையில்.

அன்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கப் புறப்பட்டோம். நம் கையிலிருந்த பட்டியலில் தெருவும் கதவு எண்ணும் மட்டுமே இருந்தன. மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடி வீடு. மூதாட்டி ஒருவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். சுவரில் ஓர் அட்டவணை: எந்த மாதம் எந்த மகன் வீடு என்று அழகாக எழுதப்பட்டிருந்தது. நற்கருணை பெற்றபின் அவர், "என் நாள்களைப் பங்கு போட்டுவிட்டார்கள், சாமி" என்றார். நாம் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். இன்னும் ஆறு வீடுகள் இருந்தன. வாசலை அடையுமுன் அவர் கேட்டார்: "என் பெயர் தெரியுமா, சாமி?"

தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் சென்றும் தெரியவில்லை.

அவருடைய மக்கள் கொடியவரல்லர். வேளைக்கு மருந்தும் உணவும் தவறாது தருபவர்கள். நாமும் கடமை தவறவில்லை. சுஜாதாவின் நாவலில், மக்கள் அஞ்சி வணங்கிய ஜீவா என்னும் தலைவன் உண்மை மனிதனல்லன், ஒளியாலான வெறும் பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அன்று நமக்கு அதன் பொருள் விளங்கிற்று. கொடுங்கோலன் என்று ஒருவன் இல்லாமலே ஒழுங்கு மனிதரை எண்ணாக்கிவிட வல்லது. அதற்கு உலகம் பாழாகவேண்டியதில்லை. ஒரு பட்டியல் போதும்.

திருமுழுக்கு நாளில் திருச்சபை முதலில் கேட்பது, இக்குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்!

மறுநாளே அம்மூதாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டு, அவர் பெயரைக் கேட்டறிந்தோம். பட்டியலும் மாற்றி எழுதப்பட்டது. இப்போது கதவு எண்ணுக்கு முன்னே பெயர் இருக்கிறது. அன்புக் குடும்பத்தாரே, உங்கள் இல்லத்து முதியவரை 'பாட்டி', 'பெரியவர்' என்றே அழைத்துப் பழகியிருப்பீர்கள். இன்றிரவு செபமாலைக்குப்பின் அவர்களருகே அமருங்கள். அவர்களுக்கு அப்பெயரை இட்டவர் யார், ஏன் இட்டார் என்று கேளுங்கள். கடிகாரத்தைப் பாராமல் கேளுங்கள்.