கில்லர் இஸ் டெட்: கண்ணுக்கு விருந்து, கைக்குப் பட்டினி

முதல் அரை மணித்தியாலம் நாங்கள் ஒருத்தரும் கதைக்கேல்ல. லீவு நாள், எங்களில் ஒருத்தியின் வீட்டு முன் அறை, ரீவியோடு பொருத்திய பழைய லப்டொப், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கொன்ட்ரோலர். செத்தால் அடுத்த ஆளிட்டக் குடுக்க வேணும் என்பதுதான் சட்டம். திரையில் கறுப்பும் சிவப்பும் ஊதாவும் மையை ஊற்றினமாதிரி வழிந்துகொண்டிருந்தன. கோட் சூட் போட்ட ஒருவன், வலக்கையில் கட்டானா வாள், இடக்கை இயந்திரம். பின்னால் பென்னாம்பெரிய நிலா. எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிறேம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

விளையாடினது ‘கில்லர் இஸ் டெட்’. 2013இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 இரண்டுக்கும் வந்து, 2014இல் கணினிக்கும் வந்த ஜப்பானிய அக்ஷன் கேம். கிராஸ்ஹொப்பர் மனுபக்சர் என்ற நிறுவனம் செய்தது. அதை 1998இல் தொடங்கியவர் கொஇச்சி சுதா. ஜப்பானிய மொழியில் ‘கோ’ என்றால் ஐந்து, ‘இச்சி’ என்றால் ஒன்று. அதனால்தான் உலகம் அவரைச் சுதா51 என்கிறது. ‘கில்லர்7’, ‘நோ மோர் ஹீரோஸ்’ எல்லாம் அவருடையவை. கேம் உலகத்துக்குள் வருவதற்கு முன் இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் வேலை செய்த மனிசன். இப்படி ஒரு கதை பின்னால் இருந்தால் எங்களைப்போல கலைப்பீடத்து ஆக்கள் விழாமல் என்ன செய்வினம்?

விழுந்தோம். திரைப்படப் பாடத்தில் படித்தது வேறு தலைக்குள் கிடந்தது. 1950களில் பிரெஞ்சு விமர்சகர்கள் இயக்குநரைத்தான் படத்தின் ஆசிரியராகப் பார்க்கவேண்டும் என்று வாதிட்டார்கள் அல்லவா? நாங்கள் அதை அப்படியே கேமுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். சுதாவின் நிறம், சுதாவின் பகிடி, சுதாவின் நிலா. பிறகு பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், இயக்குநர் என்று இருப்பது ஹிதெயுகி ஷின். சுதா கதை எழுதி, மேலே நின்று வழிநடத்தியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் நாங்கள் ‘சுதாவின் கேம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பேரில் அவ்வளவு மயக்கம்.

இரண்டாவது மணித்தியாலத்தில்தான் கை முறைப்பாடு சொல்லத் தொடங்கியது.

சண்டை இப்படித்தான்: ஒரு பட்டன் வெட்டும். இன்னொன்று எதிரியின் தடுப்பை உடைக்கும். இன்னொன்று தடுக்கும் அல்லது விலகும். எதிரி அடிக்கிற கடைசிக் கணத்தில் விலகினால் நேரம் மெதுவாகும், நிறம் மாறும், அப்போது வெட்டுப் பட்டனைப் படபடவென்று அமத்த வேண்டும். முதல்தரம் அது நடந்தபோது நாங்கள் கத்தியே விட்டோம். முப்பதாவது தரம் ஒருத்தன் ஒரு கையால் பட்டனை அமத்திக்கொண்டு மற்றக் கையால் பிளேன்ரீ குடித்தான். அடி வாங்காமல் தொடர்ந்து வெட்டினால் வாளின் வேகம் கூடும், அது நல்ல யோசனைதான். ஆனால் அந்த வேகத்தை வைத்து யோசிக்க ஒன்றும் இல்லை. எதிரியின் தோற்றம் மாறினாலும் எங்கள் விரல் செய்கிற வேலை மாறவில்லை. கூட்டத்துக்குள் கமரா வேறு சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆரை வெட்டுகிறோம் என்றே தெரியாது.

இதே 2013இல் ‘மெட்டல் கியர் ரைசிங்’ வந்தது. அதிலும் வாள்தான், அதிலும் அலட்டல்தான். ஆனால் அங்கே எதிரியின் அடியைத் தடுக்க, அடி வருகிற பக்கத்துக்கே குச்சியைத் தள்ளி வெட்ட வேண்டும். பயந்து பின்வாங்குகிற பழக்கத்தை விட்டுவிட்டு முன்னே போகக் கை பழகுகிறது. வெட்டுகிற கோணத்தைக்கூட நாங்களே தீர்மானிக்கலாம். அந்தக் கதாநாயகன் எப்படிப்பட்டவன் என்பதை வசனத்தைவிட விரல்தான் முதலில் அறிகிறது.

எங்களில் ஒருத்தன் விடவில்லை. “மச்சான், அலுப்பாத்தான் இருக்கோணும். கொலையை ஒரு ஒபிஸ் வேலையாச் செய்யிறவன்ர கதை இது. எங்களுக்கும் அலுக்கட்டும் எண்டு வேணுமெண்டுதான் வச்சிருக்கினம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது, நாங்களும் தலையாட்டினோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இது கைவந்த கலை. எந்த ஓட்டைக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து மூன்று பக்கம் எழுதத் தெரியும். மார்க்ஸும் விழும்.

பிறகு அந்த ‘ஜிகோலோ’ பகுதி வந்தது.

ஒரு பெண் எதிரே இருக்கிறாள். அவள் வேறு பக்கம் பார்க்கிறபோது அவளுடைய உடம்பைக் களவாகப் பார்க்க வேண்டும். திரும்பும்போது கண்ணை எடுத்துவிட வேண்டும். பார்க்கப் பார்க்க அளவுமானி நிரம்பும். நிரம்பினால் பரிசைக் குடுத்து அவளை மசிய வைக்கலாம். உடுப்புக்குள்ளால் பார்க்க ஒரு கண்ணாடிகூட உண்டு. வென்றால், இயந்திரக் கைக்குப் புது ஆயுதம்.

அந்த நேரம் கொன்ட்ரோலர் ஒரு பொடியனின் கையில் இருந்தது. இரண்டு பெட்டையள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவன் சிரித்துப் பார்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“இது பழைய உளவாளிப் படங்களைப் பகிடி பண்ணுறது,” என்றான்.

வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். “பகிடி எண்டா ஆரைப் பாத்துச் சிரிக்கிறது? நீ இப்ப செய்யிறது பாக்கிறதுதானே. இது நாங்கள் பஸ்ஸில ஒவ்வொரு நாளும் வாங்கிறது. அங்க ஆரும் புள்ளி குடுக்கிறேல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவன் கொன்ட்ரோலரைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அன்றைக்கு விளங்கினதை இப்போது சேர்ந்து எழுதுகிறோம். படத்தில் ஒரு பாத்திரம் களவாகப் பார்த்தால் அதை நாங்கள் வெளியில் நின்று மதிப்பிடலாம். கேமில் பார்க்கிறது எங்கள் கட்டைவிரல். பகிடி, குறியீடு, பாணி எல்லாம் கண்ணுக்குச் சொல்லப்படுகிறவை. கைக்குச் சொல்லப்படுவது வேறு. இந்தக் கேம் கைக்கு இரண்டே வேலைதான் குடுக்கிறது: யோசிக்காமல் வெட்டு, பிடிபடாமல் பார். இரண்டிலும் எதிரில் இருக்கிறவர் ஆர் என்று அறிய அவசியமே இல்லை. சண்டை அலுத்ததற்கும் அந்தப் பகுதி கூசியதற்கும் காரணம் ஒன்றுதான் என்று எங்களுக்குப் படுகிறது. பாணியில் செலவழித்த கவனத்தில் பாதியைக்கூட எதிரில் இருப்பவர்மேல் செலவழிக்கவில்லை.

எங்கள் பிழையும் இதில் இருக்கிறது. இதையே பேர் தெரியாத ஒரு கொம்பனி செய்திருந்தால் பத்து நிமிசத்தில் அழித்திருப்போம். சுதாவின் பேர் இருந்ததால் அலுப்புக்கு அர்த்தம் தேடினோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் களவுப் பார்வைக்கும் தேடியிருப்போம். எங்களில் இரண்டு பேர் தேடவும் தொடங்கிவிட்டார்கள். மற்ற இருவருக்கும் அந்த வசதி இருக்கவில்லை.

விளையாடலாமா என்று கேட்டால்: முக்கியமான சண்டைகளை யூடியூபில் பாருங்கள். நிறத்துக்காகவும் நிழலுக்காகவும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. சுதாவைக் கையாலும் அறிய வேண்டுமென்றால் ‘நோ மோர் ஹீரோஸ்’ இருக்கிறது. அதிலும் குறை உண்டு, ஆனால் வாளைச் சுழற்றுகிறபோது கைக்கு ஏதோ ஒன்று கிடைக்கும்.

நாங்கள் கேமை முடித்தோம், அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு. ‘சைலண்ட் ஹில்’லுக்கு இசையமைத்த அகிரா யமஓகாதான் இதற்கும் இசை. இசையில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. வீட்டுக்காரிகூட இப்பவும் பஸ்ஸில் போகும்போது அதைத்தான் ஹெட்செட்டில் போட்டுக் கேட்கிறாளாம்.